காளிக்குக் கற்பூர ஆரத்தி, கறுத்த மகளுக்குக் குறைச்சொல்லா?

நவராத்திரி விழா தொடங்கிவிட்டால் நம் ஆலயங்கள் யாவும் அன்னையின் இல்லங்களாகவே மாறிவிடுகின்றன. முதல் மூன்று இரவுகள் துர்க்கைக்கும், அடுத்த மூன்று இரவுகள் இலக்குமிக்கும், நிறைவான மூன்று இரவுகள் கலைமகளுக்கும் உரியவை என்று வகுத்து வழிபடுவது நம் மரபு. ஒவ்வோர் இரவும் ஓர் அலங்காரம்; ஒவ்வோர் அலங்காரத்திற்கும் ஓர் உபயகாரர் குடும்பம். கொலு மண்டபத்தில் பிள்ளைகளின் தேவாரமும் பரதமும் நடைபெறுகின்றன. சிறுமியரை மணையில் அமர்த்தி, கால் கழுவி, பொட்டிட்டு, பாலாம்பிகையே நேரில் வந்திருப்பதாகப் பாவித்து வணங்குகின்றோம்.

இத்தனை சிறப்போடு பெண்ணைத் தெய்வமாகப் போற்றும் அதே ஆலயத்தில், அன்னதானப் பந்தியிலும் வெளிவாசலிலும் நம் செவியில் விழும் பேச்சோ வேறாக இருக்கின்றது. "பெண் நல்ல படிப்பு, நல்ல குணம். நிறம்தான் கொஞ்சம் கம்மி." "கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்." "வெயிலில் அலையாதேடி, கறுத்துப் போனால் உன்னை யார் கட்டிக்கொள்வார்கள்?" இவற்றைச் சொல்வோர் கொடியவர் அல்லர். நம் அத்தைமார்கள், பெரியம்மாமார்கள், பாட்டிமார்கள். அன்போடுதான் சொல்கின்றார்கள். அன்போடு சொல்லப்படுவதனாலேயே அந்தச் சொற்கள் ஆழமாகத் தைக்கின்றன.

கருவறையில் கரிய திருமேனியைக் கைகூப்பி வணங்கிவிட்டு, வெளிவாசலில் கரிய மேனியைக் குறை சொல்வது வழிபாடு ஆகுமா? இந்த ஒரு கேள்வியை மெய்யன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'கம்மி' என்னும் சொல்

முதலில் நம் பேச்சை நாமே சற்று உற்றுக் கேட்போம். சிவந்த பெண்ணை 'நல்ல கலர்' என்கின்றோம். கறுத்த பெண்ணை 'நிறம் கம்மி' என்கின்றோம். கறுப்பும் ஒரு நிறந்தானே! அது எப்படிக் குறைந்த நிறமாயிற்று? ஒரு பக்கம் வெளுப்பு என்ற முழுமை இருப்பது போலவும், அதிலிருந்து எத்தனை படி இறங்கியிருக்கிறாள் என்று அளப்பது போலவும் அல்லவா இப்பேச்சு அமைந்திருக்கின்றது! 'கறுப்பாக இருந்தாலும்' என்பதிலுள்ள 'இருந்தாலும்' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். சிவப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள் என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா?

இந்த அளவெடுப்பு குழந்தை பிறக்கும் முன்னரே தொடங்கிவிடுகின்றது. கருவுற்ற பெண்ணுக்குக் குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டும் என்று குங்குமப்பூ கலந்த பாலைக் கொடுக்கின்றோம். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களே குழந்தையின் நிறத்தை வகுக்கின்றன என்பதையும், தாய் அருந்தும் பாலால் அது மாறாது என்பதையும் அறிவியல் தெளிவாகச் சொல்லியும் குங்குமப்பூவின் விற்பனை குறையவில்லை. குழந்தை பிறந்தவுடன் அதன் காது மடலைப் பார்த்து, வளர்ந்தால் என்ன நிறமாகும் என்று குறி சொல்கின்றார்கள். தாயின் பால் வாசனையை அறியும் முன்னரே அந்தப் பெண் குழந்தைக்கு மதிப்பெண் போடப்பட்டுவிடுகின்றது.

பின்னர் அவள் பரதம் பயில்கின்றாள். அரங்கேற்றத்தன்று அவளது முகத்திற்கு அவளுடைய நிறமல்லாத பூச்சைப் பூசுகின்றார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கைகள் ஒரு நிறம் என்று மேடையில் நிற்கின்றாள். திருமணத்தன்றும் இதே கதைதான். ஆடலைக் கற்றுத் தந்த நாம், கூடவே 'உன் முகம் இருக்கிறபடி மேடைக்கு ஏற்றதன்று' என்பதையும் சேர்த்தே கற்றுத் தருகின்றோம். பத்து வயதுப் பெண்ணுக்கு இந்தப் பாடம் புரியாது என்று எண்ண வேண்டாம். மற்ற எந்தப் பாடத்தையும்விட இதுதான் அவளுக்கு விரைவில் புரிகின்றது.

நம் சமயம் என்ன சொல்கின்றது?

அன்னையின் வடிவங்களை எண்ணிப் பாருங்கள். காளி என்ற பெயரே கருமையைக் குறிப்பது. கலைமகளை வெண்மையாகவும், திருமகளைப் பொன்னிறமாகவும், மதுரையில் அரசாளும் மீனாட்சியை மரகதப் பச்சையாகவும் தியானிக்கின்றோம். வடபுலத்து மரபில் நவராத்திரியின் ஒன்பது இரவுகளுக்கும் ஒன்பது துர்க்கைகளை வழிபடுவர். ஏழாம் இரவுக்கு உரியவள் இருளின் நிறங்கொண்ட காளராத்திரி. எட்டாம் இரவுக்கு உரியவள் வெண்ணிறங்கொண்ட மகாகௌரி. இருவரும் ஒருத்தியே. ஆகவே கறுப்புதான் உயர்ந்தது, வெளுப்பு தாழ்ந்தது என்று தலைகீழாக ஒரு வேற்றுமையை நிறுவுவது நம் நோக்கமன்று. எல்லா நிறமும் அவள் நிறமே என்பதுதான் நம் சமயம் காட்டும் நெறி.

மகாபாரதத்தில் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு. கரியவள் என்பது அதன் பொருள். அக்காலத்துப் பேரழகி என்று இதிகாசம் கொண்டாடுவது அந்தக் கரிய நிறத்தவளைத்தான். அவளது சுயம்வரத்திற்கு அரசர்கள் திரண்டு வந்தனர். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் ஐப்பசி மாதத் தீமிதித் திருவிழா அந்தத் திரௌபதி அம்மனுக்காகவே நடைபெறுகின்றது. அவளுக்காக நெருப்பில் இறங்கத் துணிகின்ற நாம், அவள் நிறத்தையொத்த பெண்ணை மருமகளாக ஏற்கத் தயங்குகின்றோம். 'மணமகள் தேவை' என்று எழுதும்போது 'சிவந்த நிறம்' என்று சேர்க்கின்ற கைதான் மறுநாள் அவளுக்குப் பூமாலை சாத்துகின்றது.

மீனாட்சியம்மையின் வரலாற்றில் பெற்றோர்க்கென்றே ஒரு படிப்பினை உள்ளது. திருவிளையாடற் புராணத்தின்படி, மலயத்துவச பாண்டியனின் வேள்வித் தீயில் தோன்றிய தடாதகைப் பிராட்டியார் மூன்று தனங்களோடு விளங்கினார். மகளின் உடலைக் கண்டு மன்னன் வருந்தினான். அப்போது அசரீரி எழுந்தது. உடலைத் திருத்தும் மருந்தைத் தேடு என்று அது சொல்லவில்லை. ஊரார் கண்ணில் படாமல் மறைத்து வை என்றும் சொல்லவில்லை. மகனுக்குரிய கல்வியையும் படைப்பயிற்சியையும் தந்து வளர்த்து, அவளுக்கே முடிசூட்டு என்றது. இறைவனைக் கண்ட வேளையில் ஒரு தனம் மறைந்தது என்பது பின்னால் வரும் செய்தி. அதற்கு முன்பே, உடல் எப்படி இருந்ததோ அப்படியே, அவர் முடிசூடி அரசாண்டார். மகளின் உருவத்தைக் கண்டு கவலை கொள்ளும் பெற்றோர்க்கு இதைவிடத் தெளிவான அறிவுரை வேறு எங்கே இருக்கின்றது?

காரைக்காலம்மையாரை நினையுங்கள். கணவன் விட்டு நீங்கி வேறு மணம் புரிந்துகொண்டான் என்று அறிந்தபோது, அவனுக்காகத் தாங்கி வந்த அழகுத் தசையை உதறிப் பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றவர் அவர். விலா எலும்புகள் தெரிய, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அவரது திருவுருவத்தைச் சோழர் காலச் சிற்பிகள் செம்பில் வார்த்து வைத்தார்கள். உலகம் கண்டு அஞ்சி விலகிய அந்த உருவத்தைத்தான் ஈசன் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் கூறுகின்றது. அழகைத் துறந்தால்தான் அருள் கிட்டும் என்பது இதன் பொருளன்று. அருளுக்கு உருவம் ஒரு நிபந்தனையே அன்று என்பதுதான் பொருள்.

நம் நாட்டில் மிகுதியாகக் கோயில் கொண்டிருப்பவள் மாரியம்மன். கோலாலம்பூரில் 1873-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் முதல் தோட்டப்புறத்து மரத்தடிக் கோயில் வரை எங்கும் அவளே. வைசூரி கண்டவர்களைக் காக்க அவளை அழைத்தார்கள் நம் முன்னோர்கள். அந்நோய்க்கு 'அம்மை' என்றே பெயரிட்டார்கள். உடலில் எழுந்த கொப்புளங்களை 'முத்து' என்றார்கள். 1980-ஆம் ஆண்டு பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயின் அதற்கு முன்பு தழும்பேறிய முகங்களோடு வாழ்ந்த எத்தனையோ தாய்மார்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். நோயின் கொப்புளத்தையே முத்து என்று சொல்லத் தெரிந்த ஒரு சமுதாயத்திற்கு, நோயே அல்லாத இயற்கை நிறத்தைக் 'கம்மி' என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

கௌரியின் கதை

'பார்வதி தேவியே தன் கரிய நிறம் நீங்கத் தவம் செய்தாள் என்று புராணம் சொல்லவில்லையா?' என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். உண்டு. ஈசன் விளையாட்டாகக் 'காளி' என்று அழைக்க, அன்னை மனம் நொந்து தவமியற்றிப் பொன்னிறம் பெற்றுக் கௌரியானாள் என்று புராணம் பேசுகின்றது. இக்கதையை மறைக்க வேண்டியதில்லை, முழுமையாகச் சொல்லவேண்டும். அன்னை நீக்கிய கரிய உறை குப்பையாகிப் போகவில்லை. அதுவே கௌசிகி என்னும் தேவியாயிற்று. சும்ப நிசும்பர்களை அழித்து உலகைக் காத்தவள் அந்தக் கௌசிகிதான். தேவி மாகாத்மியத்திலோ கதை மறுபுறமாக நடக்கின்றது. அங்கே கௌசிகி வெளிப்பட்ட பிறகு பார்வதி கரிய நிறம் அடைந்து காளிகை எனப் பெயர் பெறுகின்றாள்.

இன்னொன்றையும் இக்கதை காட்டுகின்றது. கணவன் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் அம்பிகையின் நெஞ்சையே தைத்தது என்றால், பதின்மூன்று வயதுப் பெண்ணின் நெஞ்சம் என்ன பாடுபடும்? 'சும்மா கேலிக்குச் சொன்னேன்' என்று நாம் தப்பித்துக்கொள்ளும் வழியைப் புராணமே அடைத்துவிட்டது.

தமிழ் மறந்த அழகு

தமிழ் இலக்கியத்தின் பழைய அழகுக் கணக்கு வேறு. சங்க அகப்பாடல்களில் தலைவியின் மேனி எழிலைக் குறிக்க 'மாமை' என்ற சொல் ஆளப்படுகின்றது. கருமை, நிறம், அழகு ஆகிய மூன்று பொருளும் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. மாந்தளிரின் மினுமினுப்பை அதற்கு உவமையாகச் சொல்வர். தலைவன் பிரிந்தபோது துயரத்தால் மேனி வெளுத்துப் படரும் நிறத்திற்குப் 'பசலை' என்று பெயர். அதாவது, கருமையின் ஒளி நலத்தின் அடையாளம். வெளுப்போ நோயின் அடையாளம். 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்பது நம் பாட்டிமார் வழங்கிய பழமொழி. அதே பாட்டிமாரின் பேரப்பிள்ளைகள் இன்று பசலையை விலை கொடுத்து வாங்குகின்றார்கள்.

இந்த மாற்றம் எங்கிருந்து வந்தது? ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. வெயிலில் உழைப்பவன் கறுப்பான், நிழலில் இருப்பவன் வெளுப்பான் என்ற வர்க்க வேற்றுமையும், அதனோடு பின்னிய சாதி எண்ணமும் நமக்குள்ளேயே நெடுங்காலமாக இருந்தன. வெள்ளையர் ஆட்சி அதற்கு அதிகாரத்தின் முத்திரையைக் குத்தியது. 1894-ஆம் ஆண்டு பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகமும், பின்னர் வந்த நாட்காட்டிப் படங்களும் அன்னையின் முகத்தை நம் வீட்டுச் சுவர்கள்தோறும் கொண்டுவந்தன. அது பெரும் தொண்டுதான். ஆயினும் அப்படங்களில் பெரும்பாலும் அம்மனின் முகம் ரோசாப்பூ நிறமாகிவிட்டது. கரிய கண்ணன் நீல நிறமாகிவிட்டான். கருவறையிலே கருங்கல்லாக நிற்பவள், பூசையறைச் சுவரிலே வேறு நிறத்தில் சிரிக்கின்றாள்.

மலாயா மண்ணில் நம் வரலாற்றையும் எண்ண வேண்டும். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களும், தோளில் மருந்து தெளிப்பானைச் சுமந்தவர்களும், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர்களும் நம் தாய்மார்கள். அவர்கள் தேகத்தில் ஏறிய கருமையில் நம் பள்ளிக் கட்டணமும் நம் வீட்டு அரிசியும் இருந்தன. இன்று குளிர்சாதன அறையில் அமர்ந்து அந்த நிறத்தை 'தோட்டத்து நிறம்' என்று இழித்துரைப்போமானால் நாம் இழித்துரைப்பது நம்மைப் பெற்றவளையே.

விற்பனைக்கு வந்த வெட்கம்

வெட்கம் எங்கே இருக்கின்றதோ அங்கே வணிகம் வரும். 1975-ஆம் ஆண்டு இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது; பூசிக்கொண்டால் இரண்டும் கிட்டும் என்ற கதையையே விளம்பரங்கள் பலவிதமாகச் சொல்லி வந்தன. எதிர்க்குரலும் எழுந்தது. 2009-ஆம் ஆண்டு சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013-இல் அதற்குக் குரல் கொடுத்தார். 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்தவர்களை அழகற்றவர்களாகவும் மகிழ்ச்சியற்றவர்களாகவும் காட்டும் விளம்பரங்கள் கூடாதென்று நெறிமுறை வகுத்தது. 2020-இல் அந்த முகப்பூச்சின் பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. அதே ஆண்டு 'ஷாதி.காம்' என்ற திருமணத் தளம், நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது.

பெயர் மாறியது, மனம் மாறியதா? 'சிவப்பு' என்ற இடத்தில் இப்போது 'பொலிவு' என்ற சொல் வந்து அமர்ந்திருக்கின்றது. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலத்தில், அழகுப்பொருள் விற்கும் பெரிய கடைத்தொகுதி ஒன்று ஒரு விளம்பரப் படத்தை வெளியிட்டது. கரிய மை பூசிய நடிகையைக் காட்டி, அந்நிறத்தைக் கழுவிய பின்னரே அவள் அழகியாவதாகக் கதை அமைத்திருந்தார்கள். பல இன மக்களும் கண்டித்தனர், படம் மீட்டுக்கொள்ளப்பட்டது, நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. இது நமக்கு மட்டும் உரிய நோயன்று என்பதற்கு அதுவே சான்று. ஆயினும், காளியை வணங்கும் நமக்கு இந்நோய் வந்திருப்பதுதான் மிகுந்த வியப்பைத் தருகின்றது.

உடலுக்குள் இறங்கும் நஞ்சு

இது வெறும் மனவருத்தத்தோடு முடிகின்ற செய்தியாக இருந்தால்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். உயிருக்கே ஊறு செய்யும் பொருள்கள் இந்த ஆசையின் பின்னால் வருகின்றன என்பதை அன்பர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

நம் தோலின் நிறத்திற்குக் காரணம் மெலனின் என்னும் நிறமியாகும். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் அதனைச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். சுரக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. கதிரவனின் புற ஊதாக் கதிர்களை இந்நிறமி உறிஞ்சி உடலைக் காக்கின்றது. மலேசியா பூமத்திய ரேகைக்கு வடக்கே 1 பாகை முதல் 7 பாகைக்குள் அமைந்த நாடு. சிங்கப்பூரோ ஏறத்தாழ அந்த ரேகையின் மீதே இருக்கின்றது. இந்த வெயிலுக்கு இறைவன் நமக்குப் பூட்டியனுப்பிய கவசமே இந்தக் கருமை.

சட்டத்திற்குப் புறம்பாக விற்கப்படும் வெண்மைப் பூச்சுகள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கின்றது. மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுப்பதால் சில வாரங்களில் முகம் வெளுத்தாற்போல் தோன்றும். ஆனால் அது தோல் வழியே உடலுக்குள் இறங்குகின்றது. சிறுநீரகப் பாதிப்பே அதன் முதன்மையான கேடு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நரம்புத் தளர்ச்சி, மனக்கலக்கம், மனச்சோர்வு, தோலில் தழும்பு ஆகியவையும் நேரலாம். கருவுற்ற பெண் பூசினால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து. பூசியவரின் கையும் துவாலையும் பட்டு வீட்டிலுள்ள குழந்தைகளின் உடலிலும் அது ஏறுகின்றது. ஹைட்ரோகுவினோன் என்ற மற்றொரு பொருளை மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் பூசினால், முகத்தில் நீலங்கலந்த கருந்திட்டுகள் படியக்கூடும். வெளுக்க விரும்பியவளுக்கு நீங்காத கறை!

பாதரசம் குறித்த மினமாத்தா உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2017-இல் நடப்புக்கு வந்தது. பாதரசம் சேர்த்த அழகுப்பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பதென்று 2023-இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. மலேசியச் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும், சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் இத்தகைய பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது அறிவித்து எச்சரித்து வருகின்றன. அதன் பின்னரும் இரவுச் சந்தையிலும், கைப்பேசி வழி விற்பனையிலும், தயாரித்தவர் பெயரே இல்லாத சிறு குப்பிகள் விலைபோகின்றன. வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றார்கள். அந்தக் குப்பியைத் தேடி ஒரு பெண்ணை அனுப்பியது எது? பந்தியில் நாம் சொன்ன 'கொஞ்சம் கம்மி' என்ற சொல்தான்.

அலங்காரம் வேறு, வெறுப்பு வேறு

அப்படியானால் பெண்கள் தம்மை அழகுபடுத்திக்கொள்ளவே கூடாதா என்று கேட்கலாம். நம் சமயம் அப்படிச் சொல்லவில்லை. அலங்காரத்தை இத்தனை கொண்டாடும் சமயம் வேறு எது? அம்மனுக்கு நாம் அலங்காரம் செய்யும் முறையையே பாருங்கள். எண்ணெய்க் காப்பிட்டு, பால், தயிர், பன்னீர், சந்தனம் என்று அபிஷேகம் செய்கின்றோம். பட்டுடுத்தி, பூச்சூட்டி, திரை விலக்கிக் கற்பூரம் காட்டுகின்றோம். கருங்கல்லில் எண்ணெய் ஏற ஏறக் கருமை மேலும் ஒளிர்கின்றது. அதுகண்டு 'ஆகா, என்ன களை!' என்று கன்னத்தில் போட்டுக்கொள்கின்றோம். அந்தக் கல்லைச் சுரண்டி வெளுப்பாக்க எந்தச் சிவாசாரியாரும் முனைந்ததில்லை.

மஞ்சளும் மருதாணியும் மல்லிகையும் அன்பினால் சேர்ப்பவை. இருப்பதைப் போற்றிச் சேர்ப்பவை. வெண்மைப் பூச்சோ இருப்பதைப் பகைத்து அழிக்க முனைவது. முன்னது அலங்காரம்; பின்னது தன்னைத்தானே வெறுத்தல். நம் பெண்கள் முன்னதைச் செய்யட்டும். பின்னதை நாம் அவர்கள் மீது சுமத்தாதிருப்போம்.

'நாங்கள் மாறினாலும் மாப்பிள்ளை வீட்டார் மாறவேண்டுமே' என்று பெண்ணைப் பெற்றவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கின்றது. அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வேறு எங்கிருந்தோ வருபவர்கள் அல்லர். இன்று பெண்ணுக்கு வரன் தேடுபவர் நாளை பிள்ளைக்குப் பெண் தேடுகின்றார். மகளுக்காகக் கலங்கிய அதே தாய், மகனுக்குப் பெண் பார்க்கையில் 'கலராக இருக்கட்டும்' என்கின்றாள். இராமனும் கண்ணனும் கரியவர்கள் என்பதால் ஆணின் கருமையை வீரமென்றும் கம்பீரமென்றும் சொல்லத் தெரிந்த நமக்கு, பெண்ணின் கருமைக்கு ஒரு நல்ல சொல் கிடைக்கவில்லையா? மாற்றம் பிள்ளையைப் பெற்றவர்களிடமிருந்து தொடங்கவேண்டும்.

ஆலயங்கள் செய்யக்கூடியவை

இப்பணியில் நம் ஆலய பரிபாலன சபைகளுக்கு ஒரு பொறுப்பு உண்டு. பெரும் பொருட்செலவு இதற்குத் தேவையில்லை.

நவராத்திரி நாடகத்திலும் நாட்டியத்திலும் இலக்குமியாகவும் கலைமகளாகவும் வேடம் புனைய எப்போதும் சிவந்த பிள்ளைகளையே தேடாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமளிக்கலாம். அரக்கி வேடத்திற்கு மட்டும் கறுத்த பெண்ணை அழைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால் இன்றே அதை நிறுத்தவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைச் சமய வகுப்புகளில் திரௌபதியின் நிறத்தையும், தடாதகையின் முடிசூட்டையும், காரைக்காலம்மையாரின் உருவத்தையும் இந்த நோக்கோடு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

மணமக்கள் பதிவேடு வைத்திருக்கும் ஆலயங்களும் சங்கங்களும் விண்ணப்பத் தாளிலிருந்து 'நிறம்' என்ற கட்டத்தை எடுத்துவிடலாம். கல்வி, தொழில், குணம், குடும்பம் ஆகியவை போதும். நாளிதழில் விளம்பரம் கொடுக்கும் குடும்பத்தார், அந்த ஒரு சொல்லுக்குரிய கட்டணத்தைக் கோயில் உண்டியலில் சேர்க்கலாம்.

விழாக் காலத்தில் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் சபைகளிடம்தான் இருக்கின்றது. முறையாக அறிவிக்கப்படாத முகப்பூச்சுகளை விற்கும் கடைக்கு ஆலய வளாகத்தில் இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். மகளிர் பிரிவினர் ஒரு மருந்தாளரை அழைத்து, பூச்சுக் குப்பியின் அறிவிக்கை எண்ணை அரசாங்கத்தின் இணையத் தளத்தில் எவ்வாறு சரிபார்ப்பது என்று ஒரு மணி நேரம் விளக்கச் செய்யலாம். அந்த ஒரு மணி நேரம் ஒரு தாயின் சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டில் நாம் ஒரு விரதம் மேற்கொள்ளலாம். ஒன்பது நாளும் புலால் தவிர்க்கின்றோம். அத்துடன், ஒன்பது நாளும் எந்தப் பெண்ணின் நிறத்தையும், பருமனையும், மெலிவையும் பற்றிப் பேசுவதில்லை என்று நாவுக்கும் ஒரு விரதம் இருப்போம். 'கறுத்துப் போய்விட்டாயே' என்று தொடங்கும் இடத்தில் 'சாப்பிட்டாயா, படிப்பு எப்படிப் போகிறது?' என்று தொடங்குவோம். ஒன்பது நாள் இருந்து பார்த்தால் பத்தாம் நாளும் இருக்க இயலும்.

விசயதசமியன்று நாம் குழந்தைகளை மடியில் வைத்து அரிசியில் முதல் எழுத்தை எழுதப் பழக்குகின்றோம். பெண் குழந்தை நம்மிடம் கற்கும் முதற்சொற்களில், தன் உடலைப் பற்றிய இழிசொல் ஒன்றும் இல்லாதிருக்கட்டும். கரியவளாகவும் வெளியவளாகவும் பொன்னிறத்தவளாகவும் பச்சை நிறத்தவளாகவும் எழுந்தருளி நமக்கு அருள்பாலிக்கும் அன்னை, நம் வீட்டு மகளிலும் தன் திருமுகத்தைக் காணும் கண்களை நமக்குத் தந்தருள்வாளாக!